செம்பு நிறக் குண்டு

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் தட்டச்சருக்கு அறிக்கை சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். சில சமயம் கமா, முற்றுப்புள்ளிகூட வாயில் வந்துவிடும். அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஏனென்றால் வெளியே உங்கள் விசாரணை ஆணையத்தின் உதவியாளர் என்னைப் பார்த்ததும் கேட்டதே அதுதான். "யார் சார் உங்களுக்கு அன்னிக்கு போன் பண்ணது?"

யாரும் பண்ணவில்லை. மந்திரி கூப்பிடவில்லை, போலீஸ் மிரட்டவில்லை, கட்சிக்காரர் யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்கவில்லை. பத்தொன்பது வருடமாக எல்லோரும் அந்தத் தொலைபேசியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று வந்திருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். முடியாது என்று சொல்லி வைத்திருப்பேன். என் வேலையில் மூக்கை நுழைத்தவர்களுக்கு நான் எப்போதும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

நான் அரசு தடயவியல் கூடத்தில் துப்பாக்கிப் பிரிவுக்குத் தலைவனாக இருந்தேன். பிரிவு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு நீள அறை, சுட்டுப் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு குண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒரு நுண்ணோக்கி, மழை வந்தால் ஒழுகுகிற ஒரு மூலை. துப்பாக்கிக் குழலுக்குள் திருகாணி மாதிரிச் சுற்றிக்கொண்டு போகும் பள்ளங்கள் இருக்கும். சில துப்பாக்கிகளில் இடப்பக்கமாகச் சுற்றும், சிலவற்றில் வலப்பக்கமாக. குண்டு வெளியே வரும்போது அந்தத் தடம் அதன் உடம்பில் பதிந்துவிடும். அதைப் படிப்பதுதான் என் தொழில். நிதானம் வேண்டும், வாயடக்கம் வேண்டும். இரண்டும் எனக்கு உண்டு.

என் மனைவியின் தம்பிக்கு அந்த இரண்டாவது கிடையாது. அவன் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் பிரேதப் பரிசோதனை செய்கிறவன். கெட்டிக்காரன், அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. ஆனால் கையுறையைக் கழற்றுவதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுவான். ஜனங்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஒருமுறை ஒரு கடைக்காரர் வழக்கு. நாலடி தூரத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள், தற்கொலையாக இருக்க வாய்ப்பே இல்லை என்று பதினாறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இவன் கூண்டில் ஏறி அரை நிமிடத்தில், "தானே சுட்டுக்கிட்டதுதான்" என்றான். நீதிபதி என் பதினாறு பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. இரண்டு வருடம் கழித்துக் கடைக்காரரின் பங்காளி தானாகவே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டான். மைத்துனன் அன்றைக்கு என்ன சொன்னான் தெரியுமா? "அடடா, நீங்க சொன்னது சரியா போச்சே அத்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அவ்வளவுதான். யாரும் எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தொழிற்சங்கத் தலைவர் சுடப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கூட்டம் முடிந்து மேடையின் மரப்படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார். எதிரே பன்னிரண்டடி தூரத்தில் பஸ் பணிமனை மெக்கானிக் ஒருவன் ரிவால்வரை எடுத்தான். தலைவர் நடத்திய வேலைநிறுத்தத்தில் வேலையை இழந்தவன். குண்டு தலைவரின் முன்கையைத் துளைத்துப் பின்னால் மேடைப் பலகையில் பதிந்தது. உடனே கூட்டம் கலைந்து ஓடியது. அந்த அமளியில் இன்னொரு வெடிச்சத்தம். தலைவர் குப்புற விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மெக்கானிக்கை அங்கேயே பிடித்தார்கள். ரிவால்வரில் ஆறு தோட்டாவில் இரண்டு காலி. அவன் சொன்னான், "ஒரு தடவதான் சுட்டேன். கையிலதான் பட்டுச்சு. இன்னொண்ணு காலையில எங்க ஷெட்டு சுவத்துல சுட்டுப் பாத்தது." யாரும் போய்ச் சுவரைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மைத்துனன் பரிசோதனை செய்தான். உயிரைக் குடித்த குண்டு இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே நுழைந்து, இதயத்தைக் கிழித்து, நெஞ்சுத் தோலுக்கு அடியில் வந்து நின்றிருந்தது. அதாவது முதுகுப் பக்கமிருந்து வந்திருந்தது. முதல் குண்டுக்குப் பயந்து தலைவர் திரும்பினார், இரண்டாவது முதுகில் பட்டது என்பது போலீஸ் தரப்பு வாதம். இவன், கோட்டின் முதுகில் இருந்த ஓட்டையைச் சுற்றிப் புகைக்கரி இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்திலிருந்து சுட்டால்தான் அப்படி இருக்கும் என்றான். கைக்கெட்டும் தூரத்தில் தலைவருக்குப் பின்னால் இருந்தது அவருடைய பாதுகாவலர் மட்டும்தான்.

இதையெல்லாம் எனக்கு அறிக்கையில் படித்துத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா? ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் தெரிந்தது. இலை போட்டு உட்கார்ந்திருக்கிறோம், இவன் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வாயைப் பார்க்கிறார்கள். மாமனார் மெதுவாக, "மாப்பிள்ளை இன்னும் குண்டப் பாக்கலியேப்பா" என்றார். என் சகலை சிரித்தார். "அவர் பாக்கறதுக்கு என்ன இருக்கு? நாளைக்குப் பார்சலப் பிரிப்பார், டாக்டர் சொன்னது சரின்னு ஒரு கையெழுத்துப் போடுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பார்சல் வந்தது. பத்தேகாலுக்கு மைத்துனன் போன். "அத்தான், வந்துடுச்சா? ரொம்ப மெனக்கெட வேணாம். பாத்தாலே தெரியும். நீங்க சும்மா உறுதி பண்ணிட்டாப் போதும்."

சும்மா உறுதி பண்ணிவிட்டால் போதும். நான் இன்னும் அரக்கு முத்திரையை உடைக்கக்கூட இல்லை.

அந்தக் குண்டின் தடங்கள் மெக்கானிக்கின் ரிவால்வரோடு பொருந்துகின்றன என்று நீதிமன்றத்தில் சொன்னேன். இங்கே சரியாகச் சொல்ல வேண்டும். பொருந்தவே இல்லை. மெக்கானிக்கின் ரிவால்வர் வெறும் ஈயக் குண்டு போடுவது, பள்ளங்கள் இடப்பக்கம் சுற்றுகிறவை. தலைவரின் உடலிலிருந்து எடுத்துச் சீசாவில் வந்தது செம்பு நிற உறை போட்டது, வலப்பக்கத் தடம். பிஸ்டலில் போடுவது. அகலம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் வேறு யாராவது குழம்பலாம். எனக்கு நுண்ணோக்கியே தேவைப்படவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மைத்துனன் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

ஒரு நிபுணர் இன்னொருவருக்கு ரப்பர் ஸ்டாம்பாக இருந்தால் இரண்டு துறை எதற்கு, இரண்டு அறிக்கை எதற்கு? எந்த முடிவுக்கும் சுதந்திரமான இன்னொரு பார்வை வேண்டும். அதை இப்போதும் சொல்வேன்.

பிறகு மெக்கானிக்கின் ரிவால்வரை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு குண்டு சுட்டேன். அது வழக்கமான சோதனைதான். ஒன்றை ஒப்பிடுவதற்காக எடுத்து வைத்தேன். மற்றதைத் துடைத்து, துணி சுற்றி, இடுக்கியில் வைத்து லேசாக நசுக்கினேன். எலும்பில் பட்டால் அந்த அளவுக்குத்தான் நசுங்கும், அதிகம் இல்லை. உடலிலிருந்து எடுக்கிற குண்டின் அடியில் டாக்டர் ஒரு குறி போட வேண்டும் என்பது விதி. மைத்துனன் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறுவான். அவன் தன் அக்காவுக்கு எழுதிய கடிதங்கள் இருபது வருடமாக என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. அந்த எழுத்தின் வாலை இடப்பக்கம் இழுத்து நிறுத்துவான். ஊசி முனையால் அதையும் போட்டு, சீசாவில் வந்த குண்டுக்குப் பதிலாக இதை வைத்தேன். மொத்தம் நாற்பது நிமிட வேலை.

தலைவரின் கோட்டில் ஓட்டையைச் சுற்றிக் கரி இருந்தது. அந்த வட்டத்தை வெட்டி எடுத்து ரசாயனச் சோதனைக்குப் போட்டேன். சோதனையில் துணி முழுவதும் கரைந்துபோகும். அதுவும் விதிப்படி அனுமதிக்கப்பட்டதுதான். 'புகைக்கரி காணப்படவில்லை' என்று எழுதினேன். எழுதுகிற நேரத்தில் அங்கே துணியே இல்லை, ஆகவே வாக்கியத்தில் தப்பில்லை.

நீதிமன்றத்தில் குண்டை மைத்துனன் கையில் கொடுத்தார்கள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"இது உங்கள் குறிதானா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"குறி என்னோடது மாதிரிதான் இருக்கு. குண்டு என்னோடது இல்ல. நான் எடுத்தது செம்புக் கலர்ல இருந்துச்சு."

"அதை உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்களா?"

எழுதவில்லை. 'ஒரு குண்டு' என்றுதான் எழுதியிருந்தான். எடையும் போடவில்லை. பிணவறைத் தராசு ஈரலும் இதயமும் நிறுக்கிறது, குண்டை நிறுக்காது. அவன் எப்போதுமே அப்படித்தான். அவசரக்காரன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நிறத்தை எழுது, எடையை எழுது என்று.

அப்போது அரசு வக்கீல் அடுத்த கேள்வியைக் கேட்டார். மூன்று வருடத்துக்கு முன்பு நாலு மாதம் மனநல மருத்துவமனையில் இருந்தீர்களா, இல்லையா? அவனுடைய ஒரே மகள் காய்ச்சலில் இறந்துபோன வருடம் அது. வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். என் மனைவிதான் தினமும் சாப்பாடு கொண்டுபோவாள். வெளியூரில் மேல்படிப்பு என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தோம்.

அவன் கூண்டிலிருந்து என்னைப் பார்த்தான். நான் என் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், நான்தான் வக்கீலிடம் சொன்னேன். அவர் தற்செயலாகக் கேட்டார், நான் உள்ளதைச் சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "வக்கீலுக்கு அது எப்படிங்க தெரிஞ்சுது?"

"விசாரிச்சிருப்பாங்க. ஆஸ்பத்திரியில ரெக்கார்டு இருக்குமே."

அவள், "அவன் உங்கள எல்லார் முன்னாடியும் பொய்யனாக்கப் பாத்தான். அது மட்டும் நியாயமா?" என்றாள். அன்றிலிருந்து தம்பியோடு பேசுவதை விட்டுவிட்டாள். நான் பேசாதே என்று சொல்லவில்லை. அவளாகவே எடுத்த முடிவு.

மெக்கானிக்குக்குத் தூக்கு என்று தீர்ப்பானது. அதன் பிறகு அவன் மனைவி எனக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். மொத்தம் பதினான்கு. 'ஐயா, இன்னும் ஒரு தடவை பாருங்கள்' என்றுதான் எல்லாவற்றிலும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, 'தங்கள் கடிதம் பெறப்பட்டது' என்று பதில் அனுப்பினேன். எங்கள் கூடத்தில் பதிலே போடாமல் குப்பையில் போடுகிறவர்கள் இருந்தார்கள். நான் அப்படிச் செய்ததில்லை.

பதினொன்றாவது கடிதம் பதிவுத் தபாலில் கனமாக வந்தது. ஷெட்டுச் சுவரை அவளே உளியால் கொத்தியிருக்கிறாள். உள்ளேயிருந்து எடுத்ததை மருந்துச் சீட்டில் மடித்து அனுப்பியிருந்தாள். செங்கல் தூசியோடு ஓர் ஈயக் குண்டு.

முத்திரை இல்லாத, சாட்சி இல்லாமல் எடுக்கப்பட்ட எதையும் கூடம் ஏற்கக் கூடாது. விதி ஒன்பது. அந்த விதியைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பினேன். அனுப்புவதற்கு முன்னால், சொந்த ஆர்வத்தில், நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒருபக்கம் ரிவால்வரிலிருந்து நான் சுட்ட குண்டு, மறுபக்கம் சுவர்க் குண்டு. கோட்டோடு கோடு சேர்ந்து ஒரே குண்டு மாதிரி நின்றது. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான பொருத்தத்தைப் பார்த்ததில்லை. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. காட்ட முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

கணக்கு உங்களுக்குப் புரிந்திருக்கும். காலியான இரண்டில் ஒன்று மேடைப் பலகையில், ஒன்று சுவரில். தலைவரின் நெஞ்சில் இருந்தது அவனுடையது இல்லை. அவன் சொன்னது அத்தனையும் உண்மை.

கருணை மனு தள்ளுபடியான அன்று நான் இந்த விவரத்தைச் சொல்லியிருக்கலாம். யோசித்தேன். ஆனால் அப்போது சொன்னால், 'டாக்டர் அன்றைக்கே சொன்னாரே' என்பார்கள். கூடத்தின் பெயர் கெட்டுப்போகும், பழைய வழக்குகளையெல்லாம் கிளறுவார்கள். தவிர, மெக்கானிக்கும் ஒன்றும் அப்பாவி இல்லை. கொல்லத்தான் வந்தான். குறி தவறியது அவன் நல்ல குணத்தால் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை தூக்கில் போட்டார்கள். நான் அன்று லீவு போடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான்தான் கேட்டுக்குப் போனேன். ஆள் பாதியாக இருந்தான். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"உள்ள வர்றியா மாப்ளே?"

"இல்ல அத்தான். நான் சண்டைக்கு வரல. அவனும் போயிட்டான், இனிமே பேசி ஒண்ணும் ஆகப்போறதில்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"என்ன?"

"நான் எடுத்தது செம்புக் கலர்தானே? இந்த விரலாலதான் எடுத்தேன். தெனமும் கண்ணுல நிக்குது. ஆனா எல்லாரும் இல்லங்கறாங்க. எனக்குத் திரும்பவும் புத்தி கெட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு அத்தான். அது மட்டும் சொல்லிடுங்க. ஆமான்னு ஒரு தலையாட்டு போதும்."

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் வாயிலிருந்து ஒரு முடிவு வருவதற்காக அவன் காத்திருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவன் என் பதிலுக்காக நின்றதில்லை.

"ஒடம்பப் பாத்துக்கோ" என்றேன். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறியா?"

அவன் தலையை ஆட்டிக்கொண்டு, "சாப்பிடறேன் அத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த மாதம் அதே மருத்துவமனையில் மறுபடி சேர்த்தார்கள். வெளியே வரவே இல்லை. ஆறு வருடம் கழித்து அங்கேயே போய்விட்டான். குண்டுகளைப் பற்றி யார் கேட்டாலும், எனக்கு ஞாபகம் இல்லை, என் அத்தானைக் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும் என்று சொல்வானாம். நர்ஸ் ஒருத்தி சொன்னாள். மனைவி சாவுக்குப் போகவில்லை. இன்று நான் இங்கே வந்திருப்பதும் அவளுக்குத் தெரியாது. நாளைக்குப் பத்திரிகையில் பார்த்துக்கொள்வாள்.

இனி, ஏன் இப்போது வந்தேன் என்று கேட்பீர்கள். மனசாட்சி என்று போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தால். நான் அதை எதிர்பார்த்து ரொம்ப நாள் இருந்தேன், வரவில்லை.

போன வாரம் உங்கள் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை பத்திரிகைகளில் வெளியானது. பாதுகாவலர் சாவதற்கு முன் கொடுத்த வாக்குமூலத்தை ஏற்றிருக்கிறீர்கள். தலைவரைக் கொன்றது அவருடைய பிஸ்டல்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மைத்துனன் சொன்னது சரி என்றும், மெக்கானிக் கொலை செய்யவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. எதிலும் எனக்கு மறுப்பு இல்லை. அவரை யார் ஏவினார்கள் என்பது உங்கள் பாடு.

நாற்பத்து மூன்றாவது பத்தியில் என்னைப் பற்றி நாலு வரி இருக்கிறது. 'ஆய்வுக்கூட நிபுணரின் முடிவு கவனக்குறைவாலும் அனுபவக் குறைவாலும் நேர்ந்த பிழையாகவே தெரிகிறது. தீய நோக்கம் இருந்ததாகக் கருத இடமில்லை.' கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் வரிசையாகப் போன் செய்தார்கள். "உங்கள விட்டுட்டாங்க சார், இனிமே நிம்மதியா இருங்க." என்னிடம் தொழில் கற்றுக்கொண்ட ஒருவன், "மனுஷன்னா தப்பு நடக்கறதுதானே சார்" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறான். நாலு நாளாக அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை.

இந்தாருங்கள். இந்தக் கண்ணாடிக் குழாயில் இருப்பதுதான் தலைவரின் நெஞ்சிலிருந்து வந்த குண்டு. தேதி, நேரம், என் கையெழுத்து எல்லாம் சீட்டில் இருக்கிறது. அடியில் மைத்துனன் போட்ட அசல் குறி இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செம்பு நிறம். வலப்பக்கத் தடம். குழந்தைகூடக் குழம்பாது.

மெக்கானிக்கைத் தூக்குக்கு அனுப்பியது நான், மைத்துனனைப் பைத்தியமாக்கியது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த நாற்பத்து மூன்றாவது பத்தியில் 'பிழை' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். முப்பத்தொரு வருடத்தில் என் மேசையில் ஒரு பிழைகூட நடந்ததில்லை.